ரோரி கேலஹரைக் கச்சேரியில் தேடுங்கள்: இளம் கிட்டார் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளம் கிட்டார் கலைஞர்களுக்கு,

லண்டனில் 2024 அக்டோபரில் பான்ஹாம்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் 1961-ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று, ஏலக் கட்டணங்களும் சேர்த்து, 8,89,400 பவுண்டுக்குப் போனது. வாங்கியவர்கள் அதை அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். ரோரி கேலஹர் என்ற அயர்லாந்துக்காரர் 1963-இல், தம் 15 வயதில், கார்க் நகரத்துக் க்ரௌலிஸ் கடையில் ஏறக்குறைய 100 பவுண்டுக்குத் தவணை முறையில் வாங்கிய கிட்டார் அது. 1995 ஜூன் 14 அன்று 47 வயதில் இறக்கும்வரை அது அவரிடமே இருந்தது. விலைச் செய்தி வந்த பிறகு உங்களில் பலர் அவரைத் தேடத் தொடங்கியிருக்கிறீர்கள். ரசிகன் என்ற முறையில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நீங்கள் அவரிடம் வந்துசேரும் வழிகளைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. ஒருவர் பெயின்ட் உதிர்ந்த கிட்டாரைப் பார்த்து வருகிறார். இன்னொருவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அவரைப் பற்றிச் சொன்னதாக உலவும் கதையைக் கேட்டு வருகிறார். வேறொருவர், ரோலிங் ஸ்டோன்ஸில் சேரும் வாய்ப்பைக் கோட்டைவிட்டவர் என்று பரிதாபப்பட்டு வருகிறார். இந்த வழிகளில் எதுவும் அவருடைய கச்சேரிகளில் கொண்டுபோய் விடுவதில்லை. இந்த மடலில் நான் வாதிட வருவது ஒன்றுதான்: ரோரியின் படைப்பு அவருடைய கச்சேரிகளே; ஸ்டுடியோ ஆல்பங்கள் அவற்றுக்கான முன்தயாரிப்பு. அப்படிப் பார்த்தால் அவர் வாய்ப்பைத் தவறவிட்டவர் அல்லர், எடுத்த காரியத்தை முடித்தவர்.

முதலில் அந்தக் கிட்டாரையே எடுத்துக்கொள்வோம். சன்பர்ஸ்ட் பெயின்ட் பெரும்பாலும் போய், உள்ளே இருக்கும் மரம் தெரிகிற கிட்டார் அது. 1960-களில் டப்ளினில் திருடு போய், சில நாட்கள் கழித்து, மழையில் நனைந்தபடி ஒரு பள்ளத்தில் கிடைத்தது. அதோடு முப்பது ஆண்டு மேடை வியர்வையும் சேர்ந்து மேற்பூச்சை அரித்துவிட்டது. அந்தத் தேய்மானத்தையே அச்சு அசலாக நகலெடுத்து ஃபெண்டர் நிறுவனத்தின் கஸ்டம் ஷாப் ரோரி பெயரில் கிட்டார் செய்து விற்கிறது. அதை வாங்க ஆசைப்படுவதில் தவறில்லை, நல்ல கருவிதான். ஆனால் கருவி எவ்வளவு தூரம் கூட வரும் என்பதற்கு ரோரியின் வாழ்க்கையிலேயே ஒரு சான்று இருக்கிறது. தொடக்கக் காலத்தில் அவருடைய ஒலிக்கு அடிப்படை வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபயரும் அதன் தலைமேல் வைக்கிற டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சின்னப் பெட்டியும். அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், வெளியே ஒரே ஒரு குமிழ். கிட்டாரின் உச்ச ஸ்தாயிகளைத் தூக்கி ஆம்ப்ளிஃபயரைத் திணறடிப்பது மட்டுமே அதன் வேலை. லண்டனில் மாணவராக இருந்த பிரையன் மே, ரோரியின் கச்சேரிக்குப் போய், இந்த ஒலி எப்படி வருகிறது என்று அவரிடமே கேட்டிருக்கிறார். ரோரி மறைக்காமல் காட்டிக்கொடுத்தார். மேயும் அதே வகை ஆம்ப்ளிஃபயரையும் அதே வகைப் பெட்டியையும் தேடி வாங்கினார். பிறகு அவருடைய 'க்வீன்' இசைக்குழுவில் நாம் கேட்டது என்ன? அடுக்கடுக்காகப் பதிவு செய்து, கோவில் மணிகளைப் போல ஒன்றின்மேல் ஒன்றாக ஒலிக்கும் கிட்டார்கள். ரோரியின் கரடுமுரடான ஒற்றைக் குரல் அதில் எங்கும் இல்லை. ஒரே பெட்டியிலிருந்து இரண்டு பேர் இரண்டு உலகத்தை எடுத்திருக்கிறார்கள் என்றால், கருவியை ஆராய்ந்து ரோரியைப் பிடித்துவிட முடியாது.

ஹெண்ட்ரிக்ஸ் கதையை நீங்கள் விட்டுவிடுவது நல்லது. உலகத்தின் தலைசிறந்த கிட்டார் கலைஞராக இருப்பது எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, அதை ரோரியிடம் போய்க் கேளுங்கள் என்று அவர் சொன்னதாகப் போகிறது கதை. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அதே கதை வேறு கிட்டார் கலைஞர்களின் பெயரைப் போட்டும் உலவுகிறது. ரசிகர்களாகிய நாமே அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஏதோ இன்னொருவர் கொடுத்த சான்றிதழால்தான் ரோரி நிற்கிறார் என்ற தோற்றத்தை உண்டாக்கிவிட்டோம். அதற்குத் தேவையே இல்லை. 1968 நவம்பரில் 'க்ரீம்' குழு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் விடைபெற்றபோது, அதற்கு முன் வாசித்தவர்களில் ரோரியின் 'டேஸ்ட்' குழுவும் ஒன்று. 1970 ஆகஸ்டில் ஐல் ஆஃப் வைட் விழாவில் அந்த மூன்று பேர் குழுவை மேடையை விட்டு இறங்கவிடாமல் கூட்டம் மறுபடி மறுபடி அழைத்ததைப் படமாகவே பார்க்கலாம். 1971-இல் 'மெலடி மேக்கர்' இதழின் தேர்வில் எரிக் கிளாப்டனையும் முந்தி அவர் முதலிடத்தில் வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ் லண்டனில் ஆல்பம் பதிவு செய்ய வந்தபோது கிட்டார் வாசிக்க அழைத்தவர்களில் ரோரியும் இருந்தார். அந்த நாட்களிலும் தம் கச்சேரிகளை அவர் ரத்து செய்யவில்லை. கச்சேரியை முடித்துவிட்டு இரவோடு இரவாக ஸ்டுடியோவுக்கு ஓடி வந்தார். சிறு வயதிலிருந்து தெய்வமாக நினைத்த ஒருவர் காத்திருக்கும்போதுகூட, டிக்கெட் வாங்கிய கூட்டத்தை ஏமாற்ற மனம் வராத ஆள் அவர்.

அந்த மனம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பெரிய மர்மம் இல்லை. கிட்டாரின் தவணையைக் கட்டுவதற்காக அவர் சேர்ந்த இடம் 'ஃபோன்டானா' என்ற ஷோபேண்ட். அயர்லாந்தின் நடன அரங்குகளில் சீருடை போட்டுக்கொண்டு, அன்றைக்குப் பிரபலமான பாட்டுகளை மணிக்கணக்கில் வாசிக்கும் குழுக்களுக்கு அந்தப் பெயர். அங்கே கூட்டம் ஆடவில்லை என்றால் பிழைப்பு இல்லை. பதினைந்து வயதிலேயே, கூட்டத்தின் காலசைவைப் பார்த்து வாசிப்பை மாற்றும் பயிற்சி அவருக்குக் கிடைத்துவிட்டது. பிற்காலத்தில் அவர் பாட்டுகளின் வரிசையை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு மேடை ஏறியதில்லை என்று கூட வாசித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பாட்டு என்ன என்பது அவர் முதல் ரிஃபை வாசிக்கும்போதுதான் அவர்களுக்குத் தெரியும். இருபது ஆண்டுகள் பாஸ் கிட்டார் வாசித்த ஜெர்ரி மக்கவோய் அவருடைய தோளையும் வலது கையையும் பார்த்தே திருப்பங்களைப் பிடித்தார். இன்றைய பெரிய மேடைகளில் விளக்குகளும் திரைக்காட்சிகளும் கணினி சொல்லும் நொடிக்கு ஓடுகின்றன. அங்கே இது சாத்தியமே இல்லை.

இந்தப் பயிற்சி பதிவாக எப்படி வெளிப்பட்டது என்று பாருங்கள். 1972-இல் வந்த 'லைவ் இன் யூரோப்' ஆல்பத்தில் ஏழு பாட்டுகள். பொதுவாக மேடைப் பதிவு ஆல்பம் என்றால், ஏற்கெனவே ஸ்டுடியோவில் வந்து புகழ்பெற்ற பாட்டுகளைக் கைதட்டலோடு மறுபடி விற்பது. இதிலோ முந்தைய தனி ஆல்பங்களிலிருந்து எடுத்தவை 'லாண்ட்ரோமேட்', 'இன் யுவர் டவுன்' என்ற இரண்டு மட்டுமே. மற்ற ஐந்தும் மேடையில் வளர்ந்து, அவருடைய பதிவாக மேடையிலேயே முதல்முறை வந்தவை. அவற்றில் ஒன்றில் அவர் கிட்டாரையே கீழே வைத்துவிட்டு மாண்டலினை எடுத்துக்கொள்கிறார். கூட்டத்தின் கைதட்டலும் காலடியும் தாளமாகிவிடுகின்றன. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அவருடைய தனி ஆல்பங்கள் தொட்ட உச்சம் ஒன்பதாம் இடம். அதைத் தொட்டது இந்த ஆல்பம்தான். வாங்கியவர்களுக்கு எது ரோரி என்று அப்போதே தெரிந்திருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து வந்த 'ஐரிஷ் டூர் '74' இன்னும் தெளிவான சான்று. 'எ மில்லியன் மைல்ஸ் அவே' என்ற பாட்டு 1973-இல் 'டாட்டூ' ஆல்பத்தில் வந்தபோது ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கூட்டம் நிறைந்த மதுக்கடையில் உட்கார்ந்திருந்தும் மனத்தால் எங்கோ தொலைவில் இருப்பவனின் பாட்டு. ஸ்டுடியோ வடிவம் நன்றாகவே இருக்கிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. மேடை வடிவம் ஒன்பது நிமிடத்தைத் தாண்டுகிறது. கூடுதலாக வந்த நேரம் விரல் வேகத்தைக் காட்டுவதற்குப் போகவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நடுவில் பாட்டை ஏறக்குறைய அமைதிவரை இறக்குகிறார். கிட்டாரின் ஒலியளவுக் குமிழைச் சுண்டுவிரலால் தணித்து, தந்திகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, குழுவையும் தம்மோடு கீழே இழுத்துக்கொண்டு போகிறார். அந்த இடத்தில் கூட்டம் மூச்சுவிடாமல் இருப்பது பதிவில் கேட்கிறது. பிறகு ஏறுகிறார், அவசரமே இல்லாமல். எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம், எப்போது ஏற வேண்டும் என்ற முடிவை அன்றைக்கு எதிரில் இருந்தவர்களைப் பார்த்துத்தான் எடுக்க முடியும். அதே தொகுப்பில் 'ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்' பாட்டுக்கு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். உலோக உடல்கொண்ட ஸ்டீல் கிட்டாரும் கழுத்தில் மாட்டிய ஹார்மோனிகாவுமாக ஒரே ஆள். சில நிமிடங்களுக்கு முன் நான்கு பேர் சேர்ந்து எழுப்பிய சத்தத்துக்குப் பழகிப்போன கூட்டத்தை அவர் ஒரே ஒரு தந்தியின் அதிர்வால் கட்டிப்போடுகிறார். மனோதர்மம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

அந்த ஆல்பம் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் ஆகிய மூன்று நகரங்களில் 1974 ஜனவரியில் பதிவானது. பெல்ஃபாஸ்ட் என்ற பெயரை வேகமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள். வட அயர்லாந்தின் கலவரக் காலத்தில் மிகக் கொடிய ஆண்டு 1972. அந்த ஓராண்டில் மட்டும் 470-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூலை 21 அன்று பெல்ஃபாஸ்டில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏறக்குறைய இருபது குண்டுகள் வெடித்தன. வெளியூர் இசைக்குழுக்கள் ஒவ்வொன்றாக அந்த நகரத்தைத் தவிர்க்கத் தொடங்கின. காப்பீடு கிடைக்காது, ஓட்டலில் தங்க முடியாது, சாலையில் எந்தச் சோதனைச் சாவடி உண்மையானது, எது போலி என்று தெரியாது. 1975 ஜூலை 31 அன்று மயாமி ஷோபேண்ட் குழு நிகழ்ச்சி முடிந்து டப்ளினுக்குத் திரும்பும் வழியில், ராணுவச் சோதனைச் சாவடி போல வேடமிட்டிருந்த ஆயுதக் குழு வண்டியை நிறுத்தி மூன்று இசைக்கலைஞர்களைக் கொன்றது. ரோரி வளர்ந்துவந்த அதே ஷோபேண்ட் உலகத்துப் பிள்ளைகள் அவர்கள். இத்தனைக்கும் பிறகும் ரோரி பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர் ஹாலுக்குப் போவதை நிறுத்தவில்லை. அவர் டெர்ரியில் சிறுவனாக வாழ்ந்தவர். பிறந்தது எல்லைக்கு அந்தப் புறம் டோனிகால் மாவட்டத்து பாலிஷானனில். வளர்ந்தது தெற்கே கார்க்கில். குழுவில் வாசித்தவர்களில் பலர் பெல்ஃபாஸ்ட்காரர்கள். எந்தப் பக்கத்துக்காகவும் கொடி பிடிக்காமல், இரு பக்கத்து இளைஞர்களும் ஒரே கூரையின்கீழ் நிற்கும் மாலையை அவர் திரும்பத் திரும்ப உண்டாக்கினார். 2025 ஜனவரியில் அந்த அரங்கத்துக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். நகரம் மறக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். அது துணிச்சல், நல்ல மனிதரின் குணம், ஆனால் இசையின் தரத்தோடு அதற்கு என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆபத்தான ஊருக்குப் போனதாலேயே யாருடைய சோலோவும் உயர்ந்துவிடாது. ஆனால் நான் சொல்ல வருவது வேறு. ரோரியின் இசை கூட்டத்தின் எதிர்வினையில் பாதி உருவாகும் இசை என்று மேலே பார்த்தோம். அப்படியானால் கூட்டம் எப்படிப்பட்டது என்பது இசைக்கு வெளியே இருக்கும் செய்தி ஆகாது. மாலையானால் மையப்பகுதி வெறிச்சோடிவிடும் நகரத்தில், பயத்தை ஒதுக்கிவைத்து வந்து நிற்பவர்கள் ஒரு வார இறுதிப் பொழுதுபோக்குக்காக வந்தவர்கள் அல்லர். அவர்கள் ஒரு பாட்டை முடிய விடமாட்டார்கள், அடுத்ததை உடனே கேட்பார்கள், அமைதியான இடத்தில் முழு அமைதி தருவார்கள். டோனி பாமர் எடுத்த ஆவணப்படத்தில் அந்தப் பயணத்தின் கூட்டத்தைப் பாருங்கள். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. கட்டம் போட்ட சட்டையில் வந்து நிற்பவரும் கீழே நிற்பவர்களும் ஒரே தெருவிலிருந்து வந்தவர்கள்போல இருக்கிறார்கள். அந்த நெருக்கம் வாசிப்பின் வேகத்திலும் தணிவிலும் கேட்கிறது. அதை எடுத்துவிட்டு ஸ்வரங்களை மட்டும் எழுதிக்கொண்டால் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான்.

இன்னொரு மறுப்பு தொழில் தெரிந்தவர்களிடமிருந்து வரும். மேடைப் பதிவும் ஒரு தயாரிப்புதானே? பல இரவுகளில் பதிவு செய்து, நல்லதைப் பொறுக்கி, ஒட்டி, மெருகேற்றிக் கொடுத்ததைக் கேட்டுவிட்டு, கச்சேரியே கேட்டதாக எப்படிச் சொல்வது? 'ஐரிஷ் டூர் '74' ஆல்பமும் தெரிவு செய்யப்பட்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. 2014-இல், அந்தப் பயணத்தின் நாற்பதாம் ஆண்டில், கார்க், டப்ளின், பெல்ஃபாஸ்ட் கச்சேரிகளை ஏழு சிடிகள் கொண்ட தொகுப்பாக வெளியிட்டார்கள். ஒரே பாட்டு வெவ்வேறு ஊரில் எப்படி மாறுகிறது என்று வரிசையாக வைத்துக் கேட்கலாம். எங்கோ ஓரிடத்தில் தந்தியின் சுருதி இறங்குகிறது, எங்கோ குரல் கம்முகிறது. ஆனால் ஒப்புக்கு வாசித்த இரவு ஒன்றும் அங்கே இல்லை. பொறுக்கி எடுத்ததால்தான் அந்த ஆல்பம் உயர்ந்தது என்ற வாதம் அந்தத் தொகுப்பின் முன் நிற்காது. 1977 ஜூலையில் ஜெர்மனியின் எசென் நகரத்தில் முதல் 'ராக்பலாஸ்ட்' இசை இரவு பல ஐரோப்பிய நாடுகளுக்கு நேரடியாக ஒளிபரப்பானது. நேரடி ஒளிபரப்பில் வெட்டவும் ஒட்டவும் இடமில்லை. அதிலும் அதே ரோரிதான்.

இனி ரோலிங் ஸ்டோன்ஸ் விஷயம். 1975 ஜனவரியில், மிக் டெய்லர் விலகிய இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த அவர்கள் அழைத்ததன் பேரில், ரோரி ரோட்டர்டாமுக்குப் போய்ச் சில இரவுகள் அவர்களோடு வாசித்தார். முடிவு சொல்லாமல் இழுத்தடித்தார்கள். ஜப்பானில் தம் கச்சேரிகள் காத்திருந்ததால் அவர் கிளம்பிவிட்டார். இதை ஒரு பெரிய இழப்பாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. யாருக்கு இழப்பு? ஸ்டோன்ஸில் சேர்ந்திருந்தால், கீத் ரிச்சர்ட்ஸின் ரிஃபுக்கு இடைவெளி நிரப்பும் இரண்டாவது கிட்டார் அவருடையது. விளையாட்டு அரங்கங்களில், முடிவு செய்யப்பட்ட பாட்டு வரிசையில், ஒவ்வோர் இரவும் அதே இடத்தில் அதே சோலோ. ரான் வுட் அந்த இடத்துக்குப் பொருத்தமானவராக அமைந்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் ரோரியின் பலம் எதில் இருந்ததோ அதை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் உள்ளே போயிருக்க முடியும். சிங்கிள் வெளியிட மறுத்ததும் இதே தர்க்கம்தான். ஒரு பாட்டை வானொலிக்காக மூன்று நிமிடமாக நறுக்கிவிட்டால், கூட்டம் அந்த மூன்று நிமிடத்தையே மேடையிலும் எதிர்பார்க்கும். அந்த மறுப்பால் பணமும் புகழும் குறைந்தன என்பது உண்மை. தெரிந்தேதான் அந்த விலையைக் கொடுத்தார். அவர் விலையை அறியாமல் ஏமாந்தவர் என்று இரக்கப்படுவது அவருடைய அறிவைக் குறைத்து மதிப்பதாகும்.

ஸ்டுடியோவில் அவர் தடுமாறினார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 'டீப் பர்ப்பிள்' குழுவின் ராஜர் க்ளோவர் உடன் இருந்து தயாரித்த 1976-ஆம் ஆண்டின் 'காலிங் கார்ட்' செறிவான ஆல்பம். ஆனால் அடுத்த ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய், எலியட் மேசர் தயாரிப்பில் ஒரு முழு ஆல்பத்தைப் பதிவு செய்துவிட்டு, ஒலிக்கலவை பிடிக்கவில்லை என்று அதை அப்படியே கைவிட்டார். 1978 ஜனவரியில் அதே ஊரில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவின் கடைசிக் கச்சேரியைப் பார்த்தார். அதன் பிறகு குழுவைக் கலைத்து, மக்கவோயை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி மூன்று பேர் அமைப்புக்குத் திரும்பினார். கைவிட்ட அந்த ஆல்பம் அவர் மறைவுக்குப் பிறகு 2011-இல் வெளிவந்தது. அதோடு சேர்த்து வெளியிட்டது என்ன தெரியுமா? அதே சான் ஃபிரான்சிஸ்கோவில் 1979-இல் மூவராக வாசித்த ஒரு கச்சேரியின் பதிவு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், அடுக்கு அடுக்காகச் சேர்த்த ஒலிக்குள் அவர் ஏன் மூச்சுத் திணறினார் என்று விளக்கம் கேட்க வேண்டியதில்லை.

சொந்தப் பாட்டுகளில் காலத்தால் நிற்பவை குறைவு, அவர் வாசித்ததெல்லாம் கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸை இரவல் வாங்கியதுதானே என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். பாட்டாசிரியர் என்ற வகையில் அவர் முதல் வரிசையில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'டாட்டூ'ட் லேடி' போன்ற சில பாட்டுகள் விதிவிலக்கு. ஆனால் இரவல் என்ற சொல் பொருந்தாது. ஜூனியர் வெல்ஸ், பிளைண்ட் பாய் ஃபுல்லர், ஜே.பி. ஹட்டோ என்று யாருடைய பாட்டுகளை அவர் எடுத்துக்கொண்டாரோ, அவர்களுடைய பெயர்களை ஐரோப்பாவின் இளைஞர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அந்த மேடைகளே. ப்ளூஸ் மரபில் பாட்டு கைமாறுவது திருட்டு ஆகாது. வாங்கியவன் தன் ஊரையும் தன் காலத்தையும் அதில் ஏற்றியாக வேண்டும், அவ்வளவுதான். பெல்ஃபாஸ்டில் வாசித்த ப்ளூஸில் அந்த ஏற்றம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மிகக் கனமான மறுப்பைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அந்தக் கச்சேரி வாழ்க்கைதானே அவரைக் கொன்றது? ஆண்டின் பெரும்பகுதி சாலையில், திருமணம் இல்லை, குடும்பம் இல்லை, ஓட்டல் அறைகளில் தனிமை. விமானப் பயண அச்சத்துக்காக மருத்துவர்கள் கொடுத்த மருந்துகளும் குடியும் சேர்ந்து கல்லீரலைக் கெடுத்தன. 1995 ஜனவரி 10 அன்று அதே ரோட்டர்டாமில் கடைசிக் கச்சேரி. சில மாதங்களில் லண்டன் மருத்துவமனையில் கல்லீரல் மாற்று அறுவை, அதன் பிறகு தொற்று, மரணம். இதைத் தியாகம் என்று பூசி மெழுகுவதை நான் ஏற்கவில்லை. மேடை ஒருவருக்கு எல்லாமாக ஆகிவிட்டால், மேடை இல்லாத மணிநேரங்களைக் கடக்க அவரிடம் எதுவும் மிஞ்சாது. ரோரிக்கு நேர்ந்தது அது. அவருடைய கச்சேரிகள் உயர்ந்தவையாக இருந்தது அவர் உடலைக் கெடுத்துக்கொண்டதால் அல்ல. 1972-லும் 1974-லும் பதிவான இசையில் இருப்பவர் இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதுத் தெம்பான இளைஞர். உடல் தளர்ந்த பிற்காலத்தில் வாசிப்பும் சில இரவுகளில் தளர்ந்தது. ஆகவே கச்சேரியை மையமாக வைத்த கலையும் தன்னை அழித்துக்கொள்ளும் வாழ்க்கையும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை என்று நினைக்காதீர்கள். முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைத் தயவுசெய்து தொடாதீர்கள். தூக்கத்தையும் நண்பர்களையும் விட்டுக்கொடுத்து வாசிப்பதுதான் அர்ப்பணிப்பு என்று யாராவது உங்களிடம் சொன்னால், நம்பாதீர்கள்.

2025 ஜூலையில் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஜோ போனமாசா கார்க்கில் மூன்று இரவுகள் ரோரியின் பாட்டுகளை வாசித்தார். அந்த ஊர் ஆயிரக்கணக்கில் திரண்டது. பாட்டுகள் இன்னும் கூட்டத்தைத் தேடுகின்றன, கூட்டமும் அவற்றைத் தேடுகிறது. உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஏலத்தில் போன கிட்டாரின் படத்தை மூடிவைத்துவிட்டு, 1974 பெல்ஃபாஸ்ட் கச்சேரியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, பாட்டுகளைத் தாவாமல், ஒரே மூச்சில் கேளுங்கள். பிறகு அதே வாரத்தில் கார்க் கச்சேரியையும் கேளுங்கள். எந்த இடங்களில் அவர் வேறு முடிவு எடுத்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு உங்கள் கிட்டாரை எடுத்துக்கொண்டு, இருபது பேர் இருந்தாலும் போதும், ஆட்கள் முன்னால் போய் வாசியுங்கள்.

அன்புடன்,
ரோரியின் ரசிகன் ஒருவன்